கழற்ற முடியாத வில்லை

மனிதனுடைய கண்ணில் உள்ள வில்லை ஒன்றே. தூரத்து மலையைப் பார்ப்பதற்கு ஒன்றும் கையிலுள்ள ஏட்டைப் படிப்பதற்கு வேறொன்றுமாக அதனை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ள இயலாது. மலையை நெருங்கிக் காண விரும்புபவன் மலையை நோக்கி நடக்கிறான். வீட்டின் முழு முகப்பையும் காண விரும்புபவன் சில அடி பின்னே செல்கிறான். கண் தன் இடத்தில் நிலைத்திருக்க, கால்களே அதற்குத் துணைபுரிகின்றன.

இந்த ஏற்பாட்டைத் தழுவி நிற்கும் கமரா வகை ஒன்று உண்டு. அதன் வில்லை உடலோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி வேறொரு வில்லையை மாட்ட முடியாது. மற்றைய வகைக் கமராவில் உடல் ஒன்று, வில்லைகள் பல. விலங்குகளைப் படம்பிடிக்க நீண்ட வில்லை, கோயில் மண்டபத்தைப் படம்பிடிக்க அகன்ற வில்லை என வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். பார்த்த அளவில் இரண்டாவது வகையே மேலானது என்று தோன்றும். பலவற்றைச் செய்யவல்ல ஒன்று இருக்க, ஒன்றை மட்டும் செய்யவல்ல ஒன்றை அதிக விலை கொடுத்து வாங்குபவன் அறிவுடையவனா என்ற வினாவும் எழும். ஆயினும் 2011ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் தேர்ந்த நிழற்படக் கலைஞர்கள் பலர் இந்தக் கழற்ற முடியாத வில்லையையே விரும்பித் தேடி வந்திருக்கின்றனர். அதற்குக் காரணம் யாது என்பதும், அத்தகைய கருவியின் சிறப்பை எந்த அளவுகோலால் அளப்பது என்பதும் ஆராயத்தக்கவை. அந்த ஆராய்ச்சிக்கு வரலாறே நல்ல வழிகாட்டியாகும்.

நிலைவில்லைக் கமராவின் கதை மலிவிலிருந்தும் எளிமையிலிருந்தும் தொடங்குகிறது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் கொடாக் என்னும் பெயருடைய பெட்டிக் கமராவை விற்பனைக்கு விட்டார். அதன் விலை 25 டொலர். அதனுள் நூறு படங்களுக்குப் போதிய சுருள் முன்னதாகவே இடப்பட்டிருந்தது. படங்கள் எடுத்து முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டொலர் கட்டணத்துக்குப் படங்களை அச்சிட்டு, புதிய சுருளும் இட்டு, கமராவைத் திருப்பி அனுப்புவார்கள். வில்லையைத் திருகுவதோ தூரத்தைக் கணிப்பதோ வாங்கியவருடைய வேலையன்று. 1900ஆம் ஆண்டில் அதே கொம்பனி பிரவுனி என்னும் கமராவை ஒரு டொலர் விலைக்குக் கொண்டுவந்தது. சிறுவர்களும் அதனைக் கையாண்டனர். வில்லை நிலையாக இருந்தமைக்கு அங்கே காரணம் ஒன்றுதான்: தெரிவுகள் குறைந்தால் தவறுகளும் குறையும், விலையும் குறையும்.

இதற்கு முற்றிலும் வேறான காரணம் ஒன்று ஜேர்மனியிலே தோன்றியது. வெற்ஸ்லார் என்னும் ஊரில் நுணுக்குக்காட்டிகளைச் செய்து புகழ்பெற்றிருந்த ஏர்ண்ஸ்ட் லைட்ஸ் தொழிற்சாலையில் ஒஸ்கார் பார்ணாக் என்ற பொறியியலாளர் பணியாற்றினார். அவர் ஆஸ்துமா நோயால் வருந்தியவர். அக்காலத்துக் கமராக்களின் கனமான கண்ணாடித் தட்டுகளையும் முக்காலியையும் சுமந்துகொண்டு குன்றுகளில் ஏறுவது அவருக்குப் பெருந்துன்பமாக இருந்தது. திரைப்படத்துக்கெனச் செய்யப்பட்ட 35 மில்லிமீற்றர் பிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, திரைப்படச் சட்டங்கள் இரண்டின் இடத்தை ஒரு படத்துக்குக் கொடுத்து, 24க்கு 36 மில்லிமீற்றர் அளவுள்ள படத்தை அவர் அமைத்தார். முதல் மாதிரிகள் 1914ஆம் ஆண்டளவில் உருவாயின. போரும் அதன் பின்வந்த பொருளாதார நெருக்கடியும் குறுக்கிட்டன. 1924ஆம் ஆண்டில் தொழிற்சாலையின் தலைவர் இரண்டாம் ஏர்ண்ஸ்ட் லைட்ஸ் அதனை உற்பத்தி செய்யத் துணிந்தார். 1925ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா என்னும் பெயருடன் அக்கமரா மக்கள்முன் வந்தது.

அந்த முதலாவது லைக்காவின் வில்லை கழற்ற முடியாதது. மக்ஸ் பெரெக் என்னும் அறிஞர் வகுத்த 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லை அதில் பொருத்தப்பட்டிருந்தது. சிறிய பிலிமிலிருந்து பெரிய படத்தை உருப்பெருக்கி எடுக்க வேண்டியிருந்தமையால், வில்லையின் சிறு பிழையும் அச்சில் பெரும் பிழையாகத் தோன்றும். ஆகவே வில்லைக்கும் பிலிமுக்கும் இடையிலுள்ள தூரம் மயிரிழையும் பிசகாதிருத்தல் வேண்டும். நிலையான வில்லை இங்கே மலிவுக்காக அமைந்ததன்று. நுட்பம் கருதியே அவ்வாறு அமைந்தது.

இதற்குப் பின்வந்த நிகழ்ச்சியே தக்க சான்றாகும். 1930ஆம் ஆண்டில் வில்லையைக் கழற்றி மாற்றத்தக்க லைக்கா வெளிவந்தது. ஆனால் ஒரு கமராவுக்குரிய வில்லைகளை அந்தக் கமராவோடு தனித்தனியே தொழிற்சாலையில் பொருத்திச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒருவருடைய வில்லை இன்னொருவருடைய கமராவுக்கு ஒத்துவராது. 1931ஆம் ஆண்டில் அந்தத் தூரம் எல்லாக் கமராக்களுக்கும் ஒரே அளவாக நியமிக்கப்பட்ட பின்னரே எந்த வில்லையும் எந்த உடலிலும் பொருந்தலாயிற்று. மாற்றத்தக்க வில்லை என்பது பொது அளவு ஒன்றுக்குக் கட்டுப்படும் வில்லை. நிலைவில்லையோ தன் உடலுக்கு மட்டும் கட்டுப்பட்டது. இந்த வேற்றுமை நினைவில் வைக்கத்தக்கது. எண்பது ஆண்டுகளின் பின் அது மீண்டும் முன்னணிக்கு வரும்.

1929ஆம் ஆண்டில் பிரவுண்ஷ்வைக் நகரில் பிராங்கே, ஹைடெக்கே என்பவர்களின் தொழிற்சாலை றோலைபிளெக்ஸ் கமராவை வெளியிட்டது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள் இருந்தன. மேல்வில்லை காட்சியைப் பார்ப்பதற்கு, கீழ்வில்லை படம் எடுப்பதற்கு. இரண்டும் நிலையானவை. பல ஆண்டுகள் பத்திரிகைக் கலைஞர்கள் அதனைக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டு உலகைச் சுற்றினர். வில்லையை மாற்ற முடியவில்லை என்று அவர்களுடைய தொழில் நின்றுவிடவில்லை.

பின்னர்க் காற்று வேறு திசையில் வீசியது. யப்பானில் 1959ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கொன் எவ் போன்ற கமராக்கள், வில்லையூடாகவே காட்சியைக் காணவும் வில்லையை எளிதில் மாற்றவும் வழிசெய்தன. பல வில்லைகளை வைத்திருப்பது தொழிற்கலைஞனின் அடையாளமாயிற்று. நிலைவில்லைக் கமரா குடும்பத்தவரின் கமரா என்ற நிலைக்கு இறங்கியது. ஒளியைத் தானே அளந்து துவாரத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் கமராக்கள் அவ்வகையில் பெருகின. அவற்றுள் ஒன்று விண்வெளிக்கும் சென்றது. 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி பூமியைச் சுற்றிவந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஜோன் கிளென் கையில் வைத்திருந்த கமராக்களுள் ஒன்று, அவர் சாதாரணக் கடையொன்றில் வாங்கிய மினொல்ற்றா தயாரிப்பாகும். கையுறை அணிந்த கையால் இயக்கத்தக்கவாறு பொறியியலாளர்கள் அதற்குக் கைப்பிடி பொருத்திக் கொடுத்தனர். அக்கமரா அந்த வேலைக்குப் பொருந்தியமைக்குக் காரணம் அதில் செய்யவேண்டியவை மிகச் சில என்பதேயாகும்.

பிலிமின் இடத்தை மின்னுணரி பிடித்தது அடுத்த பெருமாற்றம். 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொய்ல், ஜோர்ஜ் சிமித் ஆகிய இருவரும் மின்னேற்ற இணைப்புக் கருவியைக் கண்டுபிடித்தனர். அதற்காக 2009ஆம் ஆண்டில் அவர்களுக்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது. 1975ஆம் ஆண்டில் கொடாக் கொம்பனியின் பொறியியலாளர் ஸ்ரீவன் சசன், இத்தகைய உணரியைக் கொண்டு டிஜிட்டல் கமரா ஒன்றைச் செய்துகாட்டினார். அதன் நிறை ஏறக்குறைய 3.6 கிலோகிராம். நீளத்தில் நூறும் அகலத்தில் நூறுமாகப் பத்தாயிரம் புள்ளிகளே அதன் படத்தில் இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவிலே பதிவுசெய்ய 23 செக்கன் பிடித்தது.

பத்தாயிரம் புள்ளிகளிலிருந்து தொடங்கிய கணக்கு, 2000ஆம் ஆண்டுக்குப் பின் பத்து மில்லியனையும் தாண்டியது. வாங்குவோர் மனத்தில் அந்த எண்ணிக்கையே கமராவின் தகுதியை அளக்கும் ஒரே கோலாகப் பதிந்துவிட்டது. விளம்பரப் பலகைகளும் அதனையே உரத்துக் கூறின. அக்கோல் எவ்வளவு குறையுடையது என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். அக்காலத்துச் சட்டைப்பைக் கமராக்களில் பொதுவாக இருந்த உணரியின் அளவு ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். அதன் பரப்பு 29 சதுர மில்லிமீற்றருக்கும் குறைவு. வில்லை மாற்றத்தக்க கமராக்கள் பலவற்றில் இருந்த உணரியின் அளவு ஏறக்குறைய 23.6க்கு 15.8 மில்லிமீற்றர். அதன் பரப்பு 373 சதுர மில்லிமீற்றர். இரண்டிலும் 12 மில்லியன் புள்ளிகள் இருக்குமாயின், பெரிய உணரியின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிறியதன் புள்ளியைப்போல் பதின்மூன்று மடங்கு இடம் கிடைக்கும். மழைநீரைப் பிடிக்கச் சிரட்டையை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வேற்றுமை அது. மங்கிய ஒளியில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோன்ற கறைகள் தோன்றாதிருக்க வேண்டுமாயின், புள்ளிகளின் எண்ணிக்கையைவிட அவற்றுக்குக் கிடைக்கும் இடமே பெரிது.

ஆகவே தேர்ந்த கலைஞர்கள் ஒரு குறையை உணர்ந்தனர். நல்ல உணரி வேண்டுமாயின் கனத்த கமராவைச் சுமக்க வேண்டும். சிறிய கமரா வேண்டுமாயின் நலிந்த உணரியோடு அமைய வேண்டும். பார்ணாக் அனுபவித்த அதே இக்கட்டுப் புதிய வடிவில் திரும்பி வந்திருந்தது. 2005ஆம் ஆண்டில் சோனி கொம்பனி ஆர் 1 என்னும் கமராவில் பெரிய உணரியையும் நிலையான வில்லையையும் இணைத்தது. எனினும் அதன் உடல் பருத்தே இருந்தது. 2008ஆம் ஆண்டில் சிக்மா கொம்பனி டிபி 1 என்னும் சிறிய கமராவைக் கொணர்ந்தது. அதன் வில்லை அதிக ஒளியை உட்கொள்வதாக இல்லை. செயலிலும் அது மந்தமாக இருந்தது. வழி திறந்துவிட்டது. ஆயினும் அதில் எளிதாக நடக்கத்தக்க கருவி இன்னும் வரவில்லை.

அந்தக் கருவியைக் கொணர்ந்தது, டிஜிட்டல் வெள்ளத்தால் பெரிதும் அடியுண்ட ஒரு கொம்பனி என்பது சிந்திக்கத்தக்கது. பூஜிபிலிம் 1934ஆம் ஆண்டில் யப்பானில் பிலிம் உற்பத்திக்கெனத் தொடங்கப்பட்டது. உலகில் வர்ணப் பிலிமின் தேவை 2000ஆம் ஆண்டளவில் உச்சத்தை அடைந்து, பத்தே ஆண்டுகளில் அதன் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. டிஜிட்டல் கமராவை முதலிற் செய்துகாட்டிய கொடாக் கொம்பனியே 2012ஆம் ஆண்டு ஜனவரியில் கடன்தீர்க்க வகையின்றி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. பூஜிபிலிமோ மருத்துவக் கருவிகள், இரசாயனப் பொருள்கள், அழகுசாதனங்கள் எனப் பல துறைகளில் தன் தொழிலைப் பரப்பிப் பிழைத்தது. அதற்கிடையிலும் கமராத் தொழிலைக் கைவிடாமல், 2010ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொலோன் நகரத்துப் போட்டோகினா கண்காட்சியில் எக்ஸ் 100 என்னும் நிலைவில்லைக் கமராவை அறிவித்தது. 2011ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 1,200 டொலர்.

அவ்விலைக்கு வில்லை மாற்றத்தக்க நல்ல கமரா ஒன்றையே வாங்கிவிடலாம். எனவே எக்ஸ் 100ஐ மதிப்பிடுவோர் கேட்ட முதல் வினா, வில்லையை நிலையாகப் பிணைத்ததனால் பெற்ற நன்மை யாது என்பதே. இதற்கு விடையாக மூன்று உறுப்புகளைச் சற்று விளக்கமாக நோக்குதல் தகும்.

முதலாவது, வில்லைக்கும் உணரிக்கும் உள்ள உறவு. பிலிம் எப்பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். உணரியோ சிறு குழிகளின் அணிவகுப்பைப் போன்றது. நேராக விழும் ஒளியே குழியின் அடியைச் சென்றடையும். படத்தின் ஓரங்களில் ஒளி சாய்ந்து விழுமாயின் ஓரங்கள் இருளும். இதனைத் தவிர்க்க ஒவ்வொரு புள்ளியின் மேலும் நுண்வில்லை ஒன்று வைக்கப்படுகிறது. பல வில்லைகளை ஏற்க வேண்டிய கமராவில் இந்த நுண்வில்லைகளை எல்லாவற்றுக்கும் பொதுவாகவே அமைக்க முடியும். எக்ஸ் 100இல் வில்லை ஒன்றே. எனவே அந்த ஒரே வில்லையிலிருந்து ஒளி எந்தக் கோணத்தில் வரும் என்பதை அறிந்து நுண்வில்லைகளை அதற்கேற்ப அமைத்தனர். வில்லையையும் உணரிக்கு மிக அண்மையில் வைக்க முடிந்தது. அதனால் கமரா மெலிந்தது. 1925ஆம் ஆண்டில் பார்ணாக்கின் கமராவிற் கண்ட தனிப்பொருத்தம் இங்கே மறுபிறப்பு எடுத்தது எனலாம்.

இரண்டாவது, ஒளியைத் திறந்து மூடும் அடைப்பு. மாற்றத்தக்க வில்லையுள்ள கமராவில் அடைப்புத் திரை உணரியின் முன்னே உடலில் இருக்கும். எக்ஸ் 100இல் இதழ்போன்ற தகடுகளாலான அடைப்பு வில்லைக்குள்ளேயே அமைந்தது. அதன் ஓசை மிக மெல்லியது. உறங்கும் குழந்தையின் அருகிலும், வழிபாடு நடக்கும் இடத்திலும் பிறர் கவனத்தைக் கலைக்காமல் படம் எடுக்கலாம். மின்வெட்டொளி விளக்கையும் மிக விரைவான அடைப்போடு சேர்த்து இயக்கலாம். ஆனால் இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. வில்லையின் துவாரம் முழுதும் திறந்திருக்கும்போது தகடுகள் நீண்ட தூரம் ஓடவேண்டும். ஆகையால் துவார எண் 2 ஆக இருக்கையில் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விரைவு கூடாது. நாலாயிரத்தில் ஒரு பங்கு விரைவு வேண்டுமாயின் துவாரத்தை எண் 8 வரை சுருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் துவாரத்தை அகலத் திறந்து, பின்னணியை மங்கச்செய்து படமெடுக்க விரும்புபவருக்கு இது தடை. இத்தடையை நீக்க, ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டி ஒன்றையும் கமராவினுள்ளே அமைத்தனர். குறிப்புப் பட்டியலில் அடைப்பு ஓரிடத்திலும் வடிகட்டி வேறோரிடத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றின் குறையை நீக்கவே மற்றொன்று வந்தது என்பதைப் பட்டியல் கூறாது.

மூன்றாவது, காட்சியைப் பார்க்கும் சாளரம். பழைய கமராக்களைப்போல் கண்ணாடியூடாக நேரே வெளியுலகைக் காணவும், சிறு நெம்பு ஒன்றைத் தட்டியதும் உணரி காணும் படத்தையே மின்திரையிற் காணவும் எக்ஸ் 100 வழிசெய்தது. கண்ணாடிச் சாளரத்தில் படத்தின் எல்லைக்கோடும் அளவுகளும் ஒளியெழுத்துகளாகத் தோன்றின. வில்லையை மாற்றும்போது சாளரத்தில் தெரியும் பரப்பும் மாறவேண்டும். அது பழைய கமராக்களைச் செய்தோருக்குப் பெருந்தலைவலியாக இருந்தது. வில்லை ஒன்றேயானபோது அச்சாளரத்தை அதற்கெனவே வகுக்க முடிந்தது.

இவ்வளவு சிறப்புகள் இருந்தும் அக்கமராவின் தொடக்கம் இடர் நிறைந்தது. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி வடகிழக்கு யப்பானைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தால் மியாகி மாகாணத்திலிருந்த தொழிற்சாலையில் உற்பத்தி சிறிது காலம் நின்றது. கையிற் கிடைத்த கமராக்களை ஆராய்ந்தவர்கள் இரண்டு நாவாற் பேசினர். படங்கள் உயர்ந்தவை, வர்ணங்கள் இனியவை, கைக்கு அமைவானது என்று ஒரு நா புகழ்ந்தது. குவியப்படுத்துதல் மந்தம், கையால் குவியப்படுத்த வில்லையின் வளையத்தைப் பலமுறை சுழற்ற வேண்டியிருக்கிறது, கட்டளைகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கின்றன, அருகிலுள்ள பொருளை அகன்ற துவாரத்தில் எடுத்தால் படம் குழைகிறது என்று மற்றைய நா இகழ்ந்தது. இரண்டும் உண்மை. நிறைகளும் குறைகளும் ஒரே கருவியில் இருந்தன.

அதன்பின் நடந்ததே மதிப்பீட்டுக் கலைக்குப் புதிய பாடமாகும். கமராவின் உள்ளிருந்து அதனை இயக்கும் நிரலைப் பூஜிபிலிம் திருத்தித் திருத்தி இலவசமாக வெளியிட்டது. 2013ஆம் ஆண்டில் எக்ஸ் 100 எஸ் என்னும் அடுத்த கமரா வந்துவிட்டது. பழைய கமராவை மறந்துவிடுவதே வணிக வழக்கம். ஆயினும் அவ்வாண்டு ஒக்டோபரில் பழைய எக்ஸ் 100க்கும் திருத்திய நிரல் வழங்கப்பட்டது. குவியப்படுத்தும் விரைவு கூடியது. குவிந்த விளிம்புகளை ஒளியால் எடுத்துக்காட்டும் வசதியும் சேர்ந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் வாங்கிய கருவி, வாங்கிய நாளைவிடச் சிறந்ததாயிற்று. பிலிம் காலத்துக் கமராவை விற்பனை நாளன்றே மதிப்பிட்டு முடிக்கலாம். டிஜிட்டல் கமராவை மதிப்பிடுவோர், செய்தவர் அதன்பால் எவ்வளவு காலம் பொறுப்புடன் நடந்துகொள்கிறார் என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். வில்லையின் இயல்பிலுள்ள குறையை மட்டும் எந்த நிரலாலும் முற்றாக நீக்க முடியாது. அருகிலுள்ள பொருளில் தோன்றிய குழைவு 2020ஆம் ஆண்டில் எக்ஸ் 100 வி என்னும் கமராவுக்காக வில்லை புதிதாக வகுக்கப்படும்வரை தொடர்ந்தது.

ஏனைய கொம்பனிகளும் வாளாவிருக்கவில்லை. 2012ஆம் ஆண்டில் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ் 1, பார்ணாக் வகுத்த 24க்கு 36 மில்லிமீற்றர் அளவு முழுவதையும் கொண்ட உணரியைச் சிறிய உடலில் அடக்கியது. அதன் விலை ஏறக்குறைய 2,800 டொலர். அவ்விலை கொடுத்தும் அதில் கண்வைத்துப் பார்க்கும் சாளரம் இல்லை. அதனைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். 2013ஆம் ஆண்டில் ரிக்கோ கொம்பனியின் ஜிஆர், எக்ஸ் 100க்கு நிகரான அளவுடைய உணரியைச் சட்டைப்பையில் அடங்கும் உடலில் வைத்தது. அதற்கும் சாளரம் இல்லை. ஆனால் சட்டைப்பையில் அடங்கும் கமராவே எப்போதும் உடன் வரும் கமரா. 2015ஆம் ஆண்டில் லைக்கா கொம்பனியும் கியூ என்னும் நிலைவில்லைக் கமராவைக் கொண்டுவந்தது. தொண்ணூறு ஆண்டுகளின் பின் அது தன் தொடக்கத்துக்கே திரும்பியதுபோல் இருந்தது.

இவற்றுள் சிறந்தது எது என்று கேட்பது, செருப்புகளுள் சிறந்தது எது என்று கேட்பதை ஒக்கும். காலின் அளவு தெரியாமல் விடை கூற இயலாது. இருண்ட மண்டபங்களில் படமெடுப்பவருக்கு உணரியின் பரப்பு முதன்மையானது. தெருவில் நடப்போரைப் படமெடுப்பவருக்கு விரைவும் அமைதியும் முதன்மையானவை. நெடும்பயணம் செல்பவருக்கு நிறையும் மின்கலத்தின் ஆயுளும் முதன்மையானவை. பறவைகளையும் விளையாட்டுப் போட்டிகளையும் படமெடுப்பவருக்கோ இவற்றுள் எதுவும் உதவாது. அவர் நீண்ட வில்லையைத் தேடிச் செல்வதே முறை.

நிலைவில்லையால் இழப்பனவற்றையும் மறைத்தல் ஆகாது. எக்ஸ் 100இன் வில்லை 23 மில்லிமீற்றர் குவியத் தூரமுடையது. பார்ணாக்கின் அளவில் அது 35 மில்லிமீற்றருக்கு ஒப்பாகும். ஒரு குடும்பத்தையும் அதன் முற்றத்தையும் ஒரே படத்தில் அடக்க அக்கோணம் போதும். மலையுச்சியிலுள்ள கோபுரத்தை அருகே கொண்டுவர அது போதாது. வில்லை பழுதானால் வில்லையை மட்டும் மாற்ற முடியாது. உணரி பழமையடைந்தால் நல்ல வில்லையும் அதனோடு சேர்ந்து பழமையடையும். தனிப்பொருத்தத்தின் நன்மையும் தனிப்பொருத்தத்தின் தீமையும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

புள்ளிகளின் எண்ணிக்கை பற்றிய மயக்கமும் இன்னும் ஒழியவில்லை. 2011ஆம் ஆண்டு எக்ஸ் 100இல் 12.3 மில்லியன் புள்ளிகள் இருந்தன. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட எக்ஸ் 100 VI என்பதில், அதாவது அவ்வரிசையின் ஆறாவது கமராவில், 40.2 மில்லியன் புள்ளிகள் உள்ளன. இது மூன்று மடங்குக்கும் மேல். ஆயினும் படம் நீளத்திலும் அகலத்திலும் வளர்வதால், ஒரே நுணுக்கத்தோடு அச்சிடத்தக்க படத்தின் நீளம் 1.8 மடங்கே கூடும். முதலாவது கமராவின் படத்தையே அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 14 அங்குல நீளத்தில் அச்சிடலாம். வீட்டுச் சுவரில் மாட்டும் படங்களுட் பெரும்பாலானவை அதனிலும் சிறியவை. ஆறாவது கமராவின் மெய்யான முன்னேற்றம் வேறிடத்தில் உள்ளது. கையின் நடுக்கத்துக்கு எதிராக உணரியைத் தாங்கி அசைக்கும் பொறி அதில் சேர்க்கப்பட்டது. மங்கிய ஒளியில் கையில் பிடித்தபடியே தெளிந்த படம் எடுக்க அது துணைசெய்கிறது.

இவ்வரலாற்றில் இறுதியாக ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 2022ஆம் ஆண்டளவில் இளைஞர் கூட்டம் ஒன்று எக்ஸ் 100 வியின் பழமையான தோற்றத்தில் மயங்கி, கைத்தொலைபேசிக் காணொளிகள் வழியாக அதன் புகழைப் பரப்பியது. கடைகளில் கமரா கிடைக்கவில்லை. பயன்படுத்திய கமராக்கள் புதியவற்றின் விலையைவிட அதிக விலைக்கு விற்கப்பட்டன. முன்னர்ப் புள்ளிகளின் எண்ணிக்கையால் மதிப்பிட்டோர் ஒருபுறம் தவறினர். இப்போது தோற்றத்தால் மதிப்பிட்டோர் மறுபுறம் தவறினர். அக்கமராவிலுள்ள திருகிகள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவையல்ல. அடைப்பின் விரைவையும் துவாரத்தின் அளவையும் கமராவை இயக்குமுன்னரே கண்ணாற் கண்டு அமைத்துக்கொள்ளும் வசதிக்காக அவை அங்கே உள்ளன. அதனை அறியாமல் வாங்கியவர்களுட் சிலர் பின்னர் அறிந்துகொண்டிருக்கவும் கூடும். கருவி தன் ஆசிரியனாகவும் ஆவதுண்டு.

ஈஸ்ட்மனின் பெட்டியில் வில்லை எளிமைக்காக நிலைத்தது. பார்ணாக்கின் கமராவில் நுட்பத்துக்காக நிலைத்தது. எக்ஸ் 100இல் வில்லை, உணரி, அடைப்பு, சாளரம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று அறிந்து நடக்கும்பொருட்டு நிலைத்தது. ஆகவே இத்தகைய கமராவை மதிப்பிடுவோர் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே நிறுத்து, நிறைகளைக் கூட்டி முடிவுகாண்பது முறையன்று. உறுப்புகள் ஒன்றுக்கொன்று எவ்வாறு இயைந்துள்ளன என்பதையும், அந்த இயைபு எடுப்பவருடைய வேலைக்குப் பொருந்துமா என்பதையும் நோக்க வேண்டும். அவ்வாறு பொருந்துமாயின், கழற்ற முடியாத வில்லை ஒரு குறையாகத் தோன்றாது. மாதங்கள் சில சென்றபின், கமராவைக் கண்ணுக்கு உயர்த்துமுன்னரே அதன் சட்டத்துள் எது அடங்கும், எது அடங்காது என்பது எடுப்பவருக்குத் தெரிந்துவிடும். அப்போது அவர் வில்லையைப் பற்றி நினையாமல், காட்சிக்கு உரிய இடத்தைத் தேடி இரண்டடி முன்னே நடப்பார்.